ஊலாங் டீயும் மணமேல்குடி நிறுத்தமும்

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். கீரமங்கலமே அடங்கிவிட்டது. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். மூச்சு சீராக வருகிறதா என்று அவள் மூக்குக்கு நேரே விரலை நீட்டிப் பார்த்துவிட்டு, சந்தேகம் தீராமல் இன்னொரு தடவையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். "இந்நேரத்துக்கு முழிச்சிருக்கிறவன் ஒண்ணு திருடனா இருக்கணும், இல்ல நைட் சர்வீஸ் கண்டக்டரா இருக்கணும்" என்பீர்கள். நான் இரண்டும் இல்லை. நாளைக்கு உங்கள் முதல் வருஷத் தெவசம். படையலுக்கு டீ போட வேண்டிய மருமகள்.

எவ்வளவு இலை மிச்சமிருக்கிறது என்று பார்க்கத்தான் அந்தப் பச்சை டப்பாவைத் திறந்தேன். திறந்ததுமே வாசம் எழுந்து வந்து முகத்தில் மோதியது. படைக்கிற பொருளை முன்கூட்டி ருசி பார்க்கக்கூடாது, மோந்துகூடப் பார்க்கக்கூடாது என்று அத்தை சாயங்காலம்தான் சொல்லியிருந்தார்கள். நான் மோந்து பார்க்கவில்லை மாமா. அதுவாக வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு டக்கென்று மூடினேன். ஆனால் அதற்குள் நீங்கள் சாய்வு நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

ஒரே ஒரு தடவை போடுகிற அளவுக்குத்தான் இலை இருக்கிறது. அதனால்தான் தூக்கம் வரவில்லை.

உங்கள் மகள் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த டப்பா அது. அண்ணியோடு ஆபீஸில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற ஒரு சீனத்து அம்மா பிரிய மனசில்லாமல் கொடுத்ததாம். சீனாவில் ஏதோ ஒரு மலையில், கொஞ்சமே கொஞ்சம் விளைகிற இலை. கறுக்க வறுக்காமல், நெருப்பைக் காட்டிவிட்டு எடுத்ததுபோல லேசாக வறுத்தது. கடையில் கேட்டால் கிடைக்காது. அண்ணி "ஊலாங்" என்று பெயரைச் சொன்னதும், "என்னம்மா, பேரே லாரி ஹாரன் மாதிரி இருக்கு" என்றீர்கள்.

நீங்கள் அப்போது டீக்கு ஏங்கிக்கிடந்த நேரம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் நின்ற இடத்திலெல்லாம் டீ குடித்த மனிதரை, சர்க்கரை வியாதி என்று சொல்லி, பாலும் கூடாது சீனியும் கூடாது என்று டாக்டர் நிறுத்திவிட்டார். பாலும் சீனியும் இல்லாமலே குடிக்கிற டீ என்று அண்ணி சொன்னதும் உங்கள் முகம் மலர்ந்ததே, பேத்தி பிறந்த அன்றுகூட அவ்வளவு மலரவில்லை. அத்தைதான் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். உருட்டி உருட்டிக் காயவைத்த இலை. அது தெரியாதவர்கள் பார்த்தால் வேறு மாதிரிதான் தெரியும்.

"என்னடி இது? ஆட்டுப் புழுக்கையை டப்பாவுல அடைச்சு பிளேன்ல கொண்டாந்திருக்க?"

"புழுக்கைன்னா நம்ம கொட்டாயிலயே கெடக்குதே. அதுக்கு எதுக்கு அவ டிக்கெட் எடுத்துட்டு வாரா?" என்றீர்கள் நீங்கள்.

டப்பாவின் மேல் இருந்ததெல்லாம் சீன எழுத்து. நான் வேதியியல் படித்தவள் என்பதால் செய்முறையை என்னிடம் ஒப்படைத்தீர்கள். நான் பி.எஸ்ஸி. படித்த தைரியத்தில் ஒரு கைப்பிடி அள்ளி டம்ளரில் போட்டு, வெந்நீரை ஊற்றி, மூடியும் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூடி தானாக எழுந்தது. இருவரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டோம். "உள்ள யாரோ இருக்காங்க" என்று நீங்கள் ரகசியமாகச் சொன்னீர்கள். மூடியை எடுத்தால், உருண்டையெல்லாம் விரிந்து முழு முழு இலையாக, தண்டோடு, டம்ளர் கொள்ளாமல் வெளியே வழிகிறது. அத்தை வந்து பார்த்தார்கள். "இம்புட்டுக் கீரையா? பருப்பு வேக வச்சிருக்கேன், போட்டுக் கடைஞ்சிரவா?"

கடையவில்லை. ஆட்டுக்கு வைத்தோம். அது மிச்சமில்லாமல் தின்றுவிட்டு விடிய விடிய கத்தியது. மறுநாள் ஆட்டையும் என்னையும் பார்த்து, "ரெண்டு பேரும் தூங்கலையாக்கும்" என்றீர்கள்.

அப்புறம்தான் நான் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். இலை கொஞ்சமாகப் போட வேண்டும். தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் கூடாது, சற்று அடங்கியிருக்க வேண்டும். எவ்வளவு அடங்கியிருக்க வேண்டும் என்று பார்க்க, பாப்பாவுக்குக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டேன். அது ஒரே ஒரு எழுத்தைக் காட்டிவிட்டுச் செத்தது. "தண்ணிக்குக் காய்ச்சல் ஜாஸ்தி, ஜி.எச்.சுக்குத் தூக்கு" என்றீர்கள். கடைசியில் பாப்பாவுக்காகக் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி வைக்கிற தண்ணீர்தான் சரியான பதமென்று கண்டுபிடித்தோம். முதலில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிக் கீழே கொட்டிவிட வேண்டும். அதற்கு நீங்கள் வைத்த பெயர், டிரிப் எடுக்குமுன் கண்ணாடி துடைக்கிற தண்ணீர்.

அன்றைக்குத்தான் அது டீயாக வந்தது. இளம் பச்சையும் மஞ்சளுமாக ஒரு நிறம். நீங்கள் முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தீர்கள். "நம்மூரு பூ மார்க்கெட்டும்மா. விடிகாலையில மூட்டையைப் பிரிப்பான்ல, அது. எதுத்தாப்புல ஒருத்தன் பொரிகடலை வறுக்கிறான்." நான் குடித்துப் பார்த்தேன். அச்சாக அதேதான். விழுங்கின பிறகு தொண்டையில் ஓர் இனிப்பு நின்றது, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்ததுபோல. அந்த வீடியோக்காரர்கள் என்னென்னவோ பூவும் பழமும் சொன்னார்கள். எனக்கு உங்கள் பூ மார்க்கெட்டே போதும்.

பாலாடைச் சண்டை நினைவிருக்கிறதா? வீடியோவில் அவர்கள் குடித்த கிண்ணம் எலுமிச்சம்பழத்தில் பாதிகூட இருக்காது. நம் வீட்டு டம்ளர்களில் ஊற்றினால் டீ அடியில் கிடந்து தெரிந்தது. "சின்னதா எதுவுமே இல்லையாம்மா?" என்று சமையலறையைச் சுற்றி வந்த உங்கள் கண்ணில், பாப்பாவுக்கு மருந்து புகட்டுகிற மூக்கு வைத்த எவர்சில்வர் பாலாடை பட்டது. அதில் ஊற்றி, அதன் மூக்கை வாயில் வைத்துத் தலையை அண்ணாந்து நீங்கள் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, மத்தியானத் தூக்கம் கலைந்து அத்தை வாசற்படியில் வந்து நின்றார்கள்.

"ஏங்க. என்னங்க அது, கிரைப் வாட்டரா?"

நீங்கள் பாலாடையை எடுக்காமலே தலையை மட்டும் ஆட்டினீர்கள்.

"பேத்தி பாலாடையில தாத்தா குடிக்கிறாரு. பேத்தி தம்ளரைக் குடுன்னு அழுவுது. இந்த வீட்டுல எது கைப்புள்ளைன்னு எனக்கே புரியல."

"சத்தம் போடாத. வாசம் ஓடிப்போயிரும்."

"ஓடட்டும். ஓடி ஒங்க பஸ்ஸோட கடைசி ஸ்டாப்பு மீமிசலுக்கே போகட்டும்."

நான் வழக்கம்போலப் பயந்து அந்தப் பாலாடையைக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்தேன். "என் வாயில என்ன பாலிடாலா இருக்கு?" என்று கேட்டீர்கள். மறுநாள் அத்தையே கடைத்தெருவிலிருந்து இன்னொரு பாலாடை வாங்கி வந்து உங்கள் முன்னால் டங்கென்று வைத்தார்கள். "இது ஒங்களுக்கு. வளந்ததும் தம்ளர் வாங்கித் தாரேன்."

எல்லாம் சரியாகிவிட்டது, நேரக் கணக்கு ஒன்றைத் தவிர. இலையைத் தண்ணீரில் எவ்வளவு நேரம் விடுவது என்பதில்தான் இந்த டீயின் உயிரே இருக்கிறது. அதே இலையில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றி எடுக்கலாம்: முதல் தண்ணீருக்குக் கொஞ்சம், இரண்டாவதற்கு இன்னும் கொஞ்சம், மூன்றாவதற்கு அதைவிடக் கூட. நான் போனில் டைமர் வைத்தேன். அது அலறிப் பாப்பாவை எழுப்பியது. "மணியும் வேணாம் கிணியும் வேணாம். நான் பாத்துக்கிறேன்" என்று நீங்கள் கண்ணை மூடி, உதட்டுக்குள்ளேயே உங்கள் பழைய ரூட் பஸ்ஸை எடுத்தீர்கள்.

"கீரமங்கலம்... அறந்தாங்கி... உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க... நாகுடி. வடிச்சு ஊத்தும்மா."

முதல் தண்ணீர் நாகுடி. அதில் தப்பே இல்லை, அமிர்தம். இரண்டாம் தண்ணீருக்கு நாகுடி தாண்டி, மணமேல்குடி தாண்டி, கோட்டைப்பட்டினத்தில் ஊற்றச் சொன்னீர்கள். கசந்தது. மூன்றாவதற்கு மீமிசல் வரைக்கும் போனோம். கசாயம். இரண்டு பேரும் உலகத்தில் உள்ள எல்லாவற்றின் மேலும் சந்தேகப்பட்டோம். தண்ணீரைச் சந்தேகப்பட்டோம். இலை பழசாகிவிட்டதோ என்று நான் பயந்து, ரவை வறுக்கிற சட்டியில் இன்னொரு தரம் லேசாக வறுக்கவா என்று கேட்டேன். "லேசா வறுத்ததைத் திரும்ப வறுத்தா அது டீ இல்லம்மா, கடலை" என்று தடுத்தீர்கள். கண்டக்டரை மட்டும் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் உங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீரமங்கலம், அறந்தாங்கி, நாகுடி, எல்லாம் கடகடவென்று வந்தன. மணமேல்குடி என்றதும் உதடு நின்றுவிட்டது. முகத்தில் அப்படியொரு நிம்மதி. தண்ணீர் பாட்டுக்கு மஞ்சள் தாண்டிப் பழுப்பாகிக்கொண்டிருந்தது.

"மாமா, மணமேல்குடியில ஏன் இம்புட்டு நேரம்?"

"டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காரு."

"நீங்க?"

"நானுந்தான்."

"மாமா, டீ போடுறப்ப டீக்கு நிப்பாட்டினா அந்த டீ என்னத்துக்கு ஆகும்?"

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். டம்ளரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "அதானே" என்றீர்கள். பிறகு நாம் சிரித்த சிரிப்பில் பாப்பா எழுந்து அழுதாள். டைமரே வைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு மணமேல்குடி வரும்போதெல்லாம் "நிக்காது, நிக்காது, எக்ஸ்பிரஸ்" என்று சொல்லி ரெண்டு விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவிப்பீர்கள். ரெண்டு விசில் என்றால் போகலாம், ஒரு விசில் என்றால் நிறுத்து; அது எனக்கே பாடமாகிவிட்டது. ஒரு நாள் இரண்டாம் தண்ணீரும் எனக்குத் தந்தீர்கள். கசப்பில்லை, பூ மார்க்கெட் அப்படியே இருந்தது. ஆனால் அதன் பிறகு எனக்கு முதல் தண்ணீர் மட்டும்தான். "பால் குடுக்கிற ஒடம்பு. ஜாஸ்தி குடிச்சா தூக்கம் வராது. ஆட்டைப் பாத்தேல்ல?" மிச்சம் இரண்டையும் நீங்களே குடித்துக்கொண்டீர்கள். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும்.

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் என்று உங்களுக்குத் தெரியும். "பயப்படுறதுக்குன்னே வீட்டுல ஒரு ஆளு இருக்குறப்ப நாம எதுக்குப் பயப்படணும்?" என்று உறவுக்காரர்களிடம் என்னைப் பெருமையாகச் சொல்வீர்கள். தடுப்பூசி போட்டு வந்து பாப்பாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்த அன்று, மருந்து கொடுத்த மறு நிமிஷமே நெற்றியைத் தொடுவதும் அழுவதுமாக இருந்தேன். நீங்கள் என்னை உட்கார வைத்தீர்கள். "மருந்து குடுத்தாச்சுல்ல? பஸ்ஸு கெளம்பிருச்சு. நடுவுல எறங்கி ஓடினா முன்னாடியே போய்ச் சேந்துருவியா? உக்காரு. சொல்லு. கீரமங்கலம்." சொன்னேன். அறந்தாங்கி, நாகுடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல். மீமிசல் வந்ததும் மறுபடி கீரமங்கலத்துக்குத் திரும்பினோம். எத்தனையோ தடவை போய் வந்தோம். கடைசியில் பாப்பாவின் கழுத்தில் வேர்வை பூத்தது.

உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றிய அந்தக் காலையிலும் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன் மாமா. மீமிசல் வந்தது. நீங்கள் வரவில்லை.

சரி, அழுதால் எழுத்து அழிந்துவிடும். நாளைய கதைக்கு வருகிறேன்.

உங்கள் மகன் கத்தாரிலிருந்து விடிகாலை திருச்சியில் வந்து இறங்குகிறார். படையலுக்கு என்னென்ன என்று அத்தை போனில் அவரிடம் சொன்னார்கள். ஆட்டுக்கறி, நெத்திலி வறுவல், கத்திரிக்காய், அப்புறம் அந்தச் சீன டீ. உங்கள் மகன், "அதுக்கு எதுக்கும்மா இவளைப் போட்டுப் படுத்துற? சாதா டீ போட்டு, பால் ஊத்தி வச்சிரு, அப்பாவுக்கு என்ன தெரியவா போகுது" என்றார். அத்தை போனை வாய்க்கு நேரே கொண்டுபோனார்கள். "ஒங்கப்பாவுக்குப் பாலெல்லாம் போன வருஷமே ஊத்தியாச்சு. இப்ப டீ."

மூன்று தண்ணீரையும் வரிசையாக, உங்கள் பாலாடையோடு வாழையிலையில் வைக்க வேண்டுமாம். "ருசி பாக்காம எப்படி அத்தை போடுறது?" என்றேன்.

"சாமிக்குப் பொங்க வைக்கிறப்ப உப்புப் பாத்தா வைக்கிறோம்? கை அளவு தெரியாதா?"

"பொங்கலுக்குத் தெரியும் அத்தை. இதுக்கு நேரம் தப்பினா எல்லாம் போச்சு. நான் போன்ல டைமர் வச்சுக்கிறேன்."

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். "போனு எதுக்கு? நான் சொல்றேன், நீ ஊத்து" என்றார்கள். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே ஆரம்பித்தார்கள். "கீரமங்கலம்... அறந்தாங்கி... உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க..." உங்கள் இழுவை மாமா, அப்படியே. "நாகுடி... மணமேல்குடி."

அங்கே நின்றுவிட்டார்கள். கத்தியும் நின்றது.

"அத்தை?"

"இரு. அவரு டீ குடிச்சிட்டு வரட்டும்."

"மத்தியானமெல்லாம் நீங்க தூங்குறீங்கன்னுல்ல நெனச்சோம்" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் போட்ட கூத்துல எவ தூங்குவா? முந்தானையை மூஞ்சில போட்டுக்கிட்டுக் கேட்டுக்கிட்டுதான் கெடந்தேன்."

"ஆனா அத்தை, மணமேல்குடியில நிக்கக்கூடாது. கசந்துரும். நான் சொன்னதுக்கு அப்புறம் மாமாவே நிப்பாட்டுறதில்ல."

அத்தை சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நீங்கள் போன பிறகு நான் பார்க்கவில்லை. "ஒனக்கு மொதத் தண்ணியைக் குடுத்து உள்ள அனுப்பிருவாரு. அங்கிட்டுப் போயி நீ புள்ளையத் தூக்குறப்ப, இங்கிட்டு பஸ்ஸு மணமேல்குடியில நிக்கும். நிதானமா நிக்கும். அவருக்குக் கசந்தாத்தான்டி டீ. ஒன் மனசு கோணக்கூடாதுன்னு ஒங்கிட்டச் சொல்லல."

பாருங்கள் மாமா, எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறீர்கள் என்று. எனக்கு உடம்புக்கு ஆகாது என்று நீங்கள் தராமல் வைத்துக்கொண்ட அந்த இரண்டாம் தண்ணீரும் மூன்றாம் தண்ணீரும் கசாயமாகத்தான் இருந்திருக்கின்றன. நானோ, எங்கோ ஒரு மலையில் கொஞ்சமே கொஞ்சம் விளைந்த இலைக்கு நீதி செய்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எனக்கும் தந்த அந்த ஒரு நாள், கசப்பில்லாத இரண்டாம் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஆகா, இதும்மா டீ" என்றீர்களே, அது எனக்காகச் சொன்னதா? பூ மார்க்கெட் உங்களுக்கு நிஜமாகவே வந்ததா, வரவில்லையா? அத்தை சொல்வதை நம்பினால் நாளைக்கு நிறுத்த வேண்டும். என் நாக்கை நம்பினால் நிறுத்தக்கூடாது. இலை ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது. போட்டுப் பார்க்கவும் முடியாது, குடித்துப் பார்க்கவும் முடியாது.

உங்களிடமிருந்து எனக்குத் தங்கியது இந்த ஒரு ரூட்டுதான் மாமா. பாப்பா தும்மினாலும், உங்கள் மகன் ஏறிய பிளேன் தரை தொட்டதாகத் தகவல் வரும் வரைக்கும், கரண்டு போய் இருட்டில் ஏதோ சத்தம் கேட்டாலும், கீரமங்கலத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறேன். பாப்பா இப்போது பேசத் தொடங்கியிருக்கிறாள். நேற்று ஊசி போட்டதற்கு அழுதவள், அழுகைக்கு நடுவே "நாகுதி" என்றாள். நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த ரூட்டில் நான் மணமேல்குடியில் ஒருநாளும் நின்றதில்லை. அங்கே நின்றிருந்தால்தான் பயம் இன்னும் கொஞ்சம் அடங்கியிருக்குமோ என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

பிளாஸ்கைக் கழுவி வைத்துவிட்டேன். இரண்டு பாலாடையையும் வேகவைத்துவிட்டேன், உங்களுடையதையும்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். வழக்கமாகக் காக்கா சோறு வைத்த பிறகுதான் வரும். நாளைக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடியே, நான் இலையை டம்ளரில் போடும் முன்பே, கொல்லைச் சுவருக்கு அனுப்பி வையுங்கள். ஒரு தடவை கத்தினால் மணமேல்குடியில் நிப்பாட்டுகிறோம். ரெண்டு தடவை கத்தினால் நேரே போகிறோம். தண்ணீர் ரொம்ப நேரம் சூடு தாங்காது.

சீக்கிரம் பதில் போடுங்க, மாமா.

உங்கள் மருமகள்